கல்யாண மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நேரக் கணக்கில் தொடங்கும் முழு வழிகாட்டி

தேதி குறித்த மறுநாளே பெரும்பாலான பெண்கள் செய்வது ஒன்றுதான். இன்ஸ்டாகிராமைத் திறந்து, பிடித்த முகங்களையெல்லாம் சேவ் செய்துகொண்டு, “என்ன சார்ஜ்?” என்று வரிசையாக மெசேஜ் அனுப்புவார்கள். பதிலுக்கு விலைப்பட்டியல்கள் வந்து குவியும். எதை எதோடு ஒப்பிடுவது என்று புரியாது, ஏனென்றால் தனக்கு என்ன வேண்டும் என்பதே இன்னும் முடிவாகியிருக்காது.

கல்யாணங்களில் மணமகள் அறைப் பொறுப்பைப் பார்த்துவருகிறவள் நான். அந்த அறையில் நடக்கிற குளறுபடிகளில் பாதிக்கு மேல் கைத்திறனில் வருவதில்லை. நேரம் போதாமல் வரும், நடுவில் புடவை மாற்றுவதை யோசிக்காமல் விட்டதால் வரும், யார் எதைக் கொண்டுவருவது என்று பேசாததால் வரும். அதனால் இங்கே வரிசையும் அப்படித்தான்: முதலில் உங்கள் நாள், அப்புறம் ஆள், அதற்குப் பிறகுதான் முகம்.

முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்ற தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன். சர்ச் கல்யாணமோ நிக்காஹோ என்றால் ஜடையின் இடத்தில் தலையில் போடும் நெட் துணியையோ துப்பட்டாவையோ வைத்துப் படியுங்கள். வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முகூர்த்த நேரம், மண்டபம், உங்கள் வீட்டுச் சடங்குகளின் வரிசை, எத்தனை புடவை மாற்றம், உங்களைத் தவிர வேறு யாருக்கெல்லாம் மேக்கப், இதற்கு மேல் போக முடியாது என்கிற தொகை. இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். சடங்கு வரிசையை அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. மாப்பிள்ளை வீட்டிலும் கேளுங்கள், ஏனென்றால் கூரைப்புடவை அவர்கள் கொண்டுவருவது. அதை எப்போது கொடுப்பார்கள், எப்போது உடுத்த வேண்டும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

1. நேரப் பட்டியலைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 என்று வைத்துக்கொள்வோம். மணமகளை 5.15-க்கு மணவறைக்குக் கூப்பிடுவார்கள். எதற்கும் கால் மணி நேரம் கையிருப்பு: 5.00. புடவையும் நகையும் முக்கால் மணி: 4.15. தலை அலங்காரம் ஒரு மணி: 3.15. முகம் ஒன்றேகால் மணி: 2.00. ஆர்ட்டிஸ்ட் பெட்டியைத் திறந்து பரப்ப நேரம் வேண்டும், ஆக 1.45-க்கு அவர் அறைக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் தலைக்குக் குளித்து, முடி காய்ந்திருக்க வேண்டும்.

இப்போது முதல் நாள் இரவைப் பாருங்கள். ரிசப்ஷன் மேடையிலிருந்து இறங்கவே 10 மணி ஆகும். சாப்பிட்டு, ஜடையைப் பிரித்து, முகம் கழுவிப் படுக்க 11.30. மிச்சம் இருப்பது ஒன்றரை மணி நேரத் தூக்கம்.

இந்தக் கணக்கு தெரிந்தால் பல முடிவுகள் தானாக வந்துவிடும். முகத்துக்கு ஒருவர், தலைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வந்தால் ஒரு மணி நேரம் வரை மிச்சமாகும். முதல் நாள் மாலையே தலைக்குக் குளித்துவிடலாமா, காலை மங்கள ஸ்நானத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதுமா என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசலாம். ஈர முடியில் பின்னிய ஜடை நிற்காது, உள்ளே ஈரம் தங்கித் தலைவலியும் வரும்.

ஞாயிறு மாலையில் ரிசப்ஷன் வைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 4.30 முதல் 6 வரை ராகு காலம். அந்த நேரத்தில் அலங்காரத்தைத் தொடங்கக் கூடாது என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். அன்றைக்கு நின்று வாதாடுவதைவிட 4 மணிக்கே முதல் பொட்டு வைத்துத் தொடங்கிவிடுவது சுலபம்.

2. தேடத் தொடங்கும் காலம்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. அதனால் தை, வைகாசி, ஆவணி மாதங்களின் நல்ல முகூர்த்த நாள்களில் எல்லோரும் ஒரே ஆட்களைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட நாள் என்றால் நான்கைந்து மாதம் முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

புடவை எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போது முடிவு செய்வது ஆளை மட்டும்தான். என்ன தோற்றம் என்பது பட்டும் நகையும் கைக்கு வந்த பிறகு. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலர் தாமதமாகிறார்கள்.

3. படங்களில் எதைப் பார்ப்பது

எடிட் செய்த போட்டோக்களில் எல்லா மணமகளும் அழகாகத்தான் இருப்பார்கள். அதில் தெரிவது பாதி போட்டோகிராபரின் வேலை. உங்களுக்கு வேண்டியது வேறு: ஃபில்டர் இல்லாமல் போனில் எடுத்த வீடியோ, மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்தது, முடிந்தால் தாலி கட்டி முடிந்த பிறகு எடுத்தது. கேட்டால் அனுப்புவார்கள். “அப்படி எதுவும் இல்லையே” என்றால் அந்தப் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.

வீடியோவில் முதலில் தாடையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் கோடு தெரிகிறதா? அப்புறம் காது, அதற்குப் பிறகு கைகள். மாலை மாற்றும் படத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முகம் ஒரு நிறம், கை வேறு நிறம் என்று இருந்தால் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, உங்கள் நிறத்தில் இருக்கும் மணமகளை அவர் எப்படிச் செய்திருக்கிறார் என்று தேடுங்கள். பக்கம் முழுக்க வெளுத்த முகங்களாகவே இருந்தால் ஒன்று மாநிறத்துக்காரர்கள் அவரிடம் போவதில்லை, அல்லது போனவர்களை எல்லாம் அவர் வெளுத்துவிட்டார். இரண்டுமே உங்களுக்கு உதவாது. “கொஞ்சம் கலர் தூக்கிக் காட்டுங்க” என்று பெரியம்மா ஒருவர் அறைக்குள் வந்து சொல்வது எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறது. அதைக் கேட்டு இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டால் மேடையின் எல்இடி வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துவிடும். மாநிறத்தின் அடியில் இருக்கிற மஞ்சள் சாயலையோ செம்மைச் சாயலையோ பிடித்துப் போடத் தெரிந்தவர் அந்தப் பெரியம்மாவைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஹெச்டி, ஏர்பிரஷ் என்ற பெயர்களை வைத்து மட்டும் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். ஏர்பிரஷ் என்பது சின்ன கம்ப்ரஸர் மூலம் பவுண்டேஷனை மெல்லிய படலமாகத் தெளிப்பது. லேசாக இருக்கும், ஆனால் கண்ணீர் வழிந்து கோடு விழுந்தால் சரிசெய்வது கடினம். வறண்டு தோல் உரியும் முகத்தில் அந்த உரிசலையும் எடுத்துக் காட்டும். ஹெச்டி என்பது நுண்ணிய துகள் உள்ள பொருள்களைப் பூசுவதற்கு வைத்த பெயர். அதை யார் வேண்டுமானாலும் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.

4. போனில் கேட்க வேண்டியவை

மூன்று பேராகக் குறைத்த பிறகு பேசுங்கள், மெசேஜ் போதாது. விலையைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி இது: “அன்றைக்கு உங்களுக்கு வேறு மணமகள் இருக்கிறாரா?” பெரிய முகூர்த்த நாளில் இரண்டு இடம் ஒப்புக்கொள்வது சாதாரணம். இருந்தால் யார் முதலில், இரண்டு மண்டபத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். நீங்கள் இரண்டாவது ஆள் என்றால், முதல் மண்டபத்தில் ஆகும் தாமதம் அப்படியே உங்கள் தலையில் விழும்.

அடுத்தது, “நீங்களே செய்வீர்களா, அசிஸ்டென்ட்டா?” அசிஸ்டென்ட் செய்வதில் தப்பில்லை. அவர் தனியாகச் செய்த வேலையைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அப்புறம் புடவை. ரிசப்ஷன் புடவைக்கும் முகூர்த்தப் பட்டுக்கும் முன்கூட்டியே கொசுவம் மடித்து, அயர்ன் செய்து, பின் குத்தி வைத்துவிடலாம். கூரைப்புடவைக்கு அது பெரும்பாலும் முடியாது. அது தாம்பாளத்தில் சபை முழுக்கப் போய் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி, இருபது நிமிடத்தில் உடுத்தி வர வேண்டும். அதுவரை ஆர்ட்டிஸ்ட் மண்டபத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். பலருடைய கணக்கில் முதல் புடவையோடு வேலை முடிந்தது. மடிசார் என்றால் அவருக்குக் கட்டத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் ஒரு மாமியை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

சுத்தம் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். லிப்ஸ்டிக்கைக் குச்சியோடு உதட்டில் தேய்க்காமல் தட்டில் சுரண்டி எடுத்துப் பிரஷ்ஷால் பூசுகிறாரா? மஸ்காராவுக்கு ஆளுக்கு ஒரு தனிக் குச்சியா? ஒரே ஸ்பாஞ்சு மணமகள், அம்மா, சித்தி என்று சுற்றிவந்தால் கண்ணில் தொற்று வர அதுவே போதும்.

5. ட்ரையல்: இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய் தாடையோரம் பவுண்டேஷன் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்த்தாலே அவருக்கு நிறம் பிடிக்க வருகிறதா என்று தெரியும். அதே நாளில், அவர் உபயோகிக்கும் பொருளைக் கொஞ்சம் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். செயற்கை இமை முடி ஒட்டும் பசையில் லேடெக்ஸ் இருப்பதுண்டு. பலூன், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லிவிடுங்கள்.

முழு ட்ரையல், பிளவுஸ் தைத்து வந்த பிறகு, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது. பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சிலர் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். புடவை, பிளவுஸ், நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, மாட்டல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கூட ஒரே ஒருவர் வரட்டும், உள்ளதைச் சொல்கிறவராக. ஆறு பேர் போனால் ஆறு கருத்து வரும், ஆர்ட்டிஸ்ட் ஏழாவது முகத்தைச் செய்துவைப்பார்.

முடிந்ததும் கழுவிவிடாதீர்கள். வெயிலில் ஒரு படம், டியூப்லைட்டில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று. ஃபிளாஷில் முகம் மட்டும் பேய் வெள்ளையாகத் தெரிந்தால், ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ உள்ள சன்ஸ்கிரீனோ, சிலிக்கா பவுடரோ காரணமாக இருக்கலாம். சொன்னால் மாற்றிவிடுவார். அப்புறம் சாப்பிடுங்கள், பஸ்ஸில் போங்கள், வேர்க்க விடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மூக்கோரமும், சிரித்தால் கோடு விழும் இடமும், கண்ணுக்குக் கீழேயும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து இன்னொரு படம் எடுங்கள். நீங்கள் காசு கொடுப்பது இந்த ஆறாவது மணி முகத்துக்குத்தான்.

பிடிக்காததை அங்கேயே சொல்லுங்கள். “நல்லா இருக்கு அக்கா” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் அழுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “புருவம் கனமாக இருக்கிறது”, “உதடு இன்னும் ஒரு படி சிவப்பு வேண்டும்” என்று குறிப்பாகச் சொன்னால் எந்த ஆர்ட்டிஸ்ட்டும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசியாக, போட்ட பொருள்களையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்து, ஷேடு எண் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

6. ஜடையைத் தனியாகப் பேசுங்கள்

முகத்துக்கு மூன்று முறை யோசிப்பவர்கள் தலை அலங்காரத்தை “அது அவங்களே பண்ணிடுவாங்க” என்று விட்டுவிடுகிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் சிக்கல் வருவதே அங்கேதான்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மணமகள் தலை குனிந்திருக்கிறாள். கழுத்தில் கனமான மாலை. மாப்பிள்ளை முதல் முடிச்சு போட, நாத்தனார் பின்னால் நின்று மிச்ச முடிச்சுகளைப் போட வேண்டும். சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடியிலிருந்து குஞ்சலம் வரை பூ சுற்றிய ஜடை பிடரியை மூடிக்கொண்டு கிடக்கிறது. நாத்தனார் ஒரு கையால் ஜடையைத் தூக்குகிறாள், மறு கையால் மஞ்சள் கயிற்றின் நுனியைத் தேடுகிறாள். கயிறு ஒரு ஹேர்பின்னில் மாட்டிக்கொண்டது. கெட்டிமேளம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைத் தவிர்க்க ஆர்ட்டிஸ்ட்டிடம் இரண்டு விஷயம் சொன்னால் போதும். ஜடை பிடரியோடு ஒட்டாமல் ஒரு கையால் தூக்கும்படி இருக்கட்டும். பின்னங்கழுத்தை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் ஒன்றுகூட வேண்டாம். ட்ரையலில் ஒரு துப்பட்டா நுனியை வைத்து யாரையாவது முடிச்சுப் போடச் சொல்லிப் பாருங்கள்.

நெத்திச்சுட்டியும் அப்படித்தான். வகிட்டில் குங்குமம் வைக்க மாப்பிள்ளைக்கு இடம் வேண்டும். சங்கிலியைக் கொஞ்சம் நகர்த்தக்கூடிய மாதிரி பின் குத்தச் சொல்லுங்கள். குங்குமம் மூக்கில் உதிர்ந்தால் ஈர டிஷ்யூவால் துடைக்கக் கூடாது. பவுண்டேஷனோடு கலந்து சிவப்புக் கறையாகிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஒரு பிரஷ்ஷைத் தோழியிடம் கொடுத்துவையுங்கள்.

எடையையும் கேளுங்கள். முழு நீளப் பூஜடை, சவுரி, நகை எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பின்னால் இழுக்கும். ஒன்றரை மணி நேரம் தூங்கிய பெண்ணுக்கு அது பெரிய பாரம். முழு ஜடையை முகூர்த்தத்துக்கு வைத்துக்கொண்டு ரிசப்ஷனுக்கு லேசான கொண்டையோ விரித்த முடியோ போதும் என்பது என் கட்சி.

பூ யார் வாங்குவது என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ஆர்ட்டிஸ்ட் நீங்கள் வாங்குவீர்கள் என்றும் நீங்கள் அவர் கொண்டுவருவார் என்றும் நினைத்திருப்பது அடிக்கடி நடக்கும். முகூர்த்த நாளில் மதுரை மாட்டுத்தாவணியானாலும் தோவாளையானாலும் மல்லிகை விலை ஏறிக் கிடக்கும். பூஜடையை முன்பே ஆர்டர் கொடுத்து, முதல் நாள் இரவே வாங்கி, ஈரத் துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது பாதுகாப்பு.

7. பணமும் எழுத்தும்

சின்ன ஊர் பார்லரில் சில ஆயிரத்தில் முடிகிற வேலைக்கு, சென்னையில் பெயரெடுத்தவர்கள் லட்சத்தைத் தொடுவதும் உண்டு. தொகையைவிட அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதுதான் ஒப்பிட வேண்டியது. புடவை மடிப்பு, இரண்டாவது புடவை, சவுரி, செயற்கை இமை முடி, வெளியூர்ப் பயணம், தங்கும் அறை, விடியற்காலைக் கட்டணம், வாடகை நகை, அம்மாவுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக எவ்வளவு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் குறைவாகத் தெரிந்தவர் அதிகமாகிவிடுவது உண்டு.

பேசி முடித்ததை நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள். தேதி, அறைக்குள் வரும் நேரம், யார் வருவார், எதுவரை இருப்பார், மொத்தம், முன்பணம், மீதி எப்போது, தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும், அவருக்கு உடம்பு முடியாமல் போனால் யாரை அனுப்புவார். முன்பணத்தை யுபிஐயில் அனுப்பினால் அதுவே சாட்சி. முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பவரிடம் நான் போக மாட்டேன்.

8. கடைசி மாதத்தில் தோல்

புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அதுவரை செய்யாத ஃபேஷியலைக் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் செய்து பருக்களோடு மேடையேறியவர்கள் உண்டு. வழக்கமாகச் செய்வதை ஒரு வாரம் முன்பும், த்ரெட்டிங்கை இரண்டு மூன்று நாள் முன்பும் முடித்துவிடலாம். ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ கிரீம் போடுபவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்தாமல் முகத்தில் வாக்ஸிங் செய்தால் தோல் உரிந்து வந்துவிடும். வெயிலில் அவுட்டோர் ஷூட் போனால் நிறம் மாறும். நலங்கு மஞ்சளும் முகத்தில் இரண்டு நாள் தங்கும். இரண்டையும் ஆர்ட்டிஸ்ட்டிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற ஷேடையும் கொண்டுவருவார்.

9. மணமகள் அறை

ஒரு வாரம் முன் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பல மண்டபங்களில் ஒரே ஒரு டியூப்லைட், கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட், சுவரில் சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், முதுகு சாய்வில்லாத ஸ்டூல், ஏசி வேலை செய்கிறதா, ஜெனரேட்டர் அந்த அறைக்கும் வருமா என்று பாருங்கள். வேர்த்துக்கொண்டே போட்ட மேக்கப் உட்காராது.

மேக்கப்புக்கு உட்காரும்போது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நைட்டியோடு உட்கார்ந்து, எல்லாம் முடிந்த பிறகு அதைத் தலை வழியாகக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோல் தேடிய அறைகள் உண்டு. கூரைப்புடவைக்கான பிளவுஸும் முன்பக்கக் கொக்கியோடு இருந்தால் நல்லது. லென்ஸ் போடுபவர்கள் மேக்கப்புக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஹோமப் புகையில் கண் கலங்கும் என்பதால் மையும் மஸ்காராவும் தண்ணீருக்குக் கரையாததாக இருக்கட்டும்.

அறைக்குள் யார் வரலாம் என்று ஒரு தோழியை வாசலில் நிறுத்துங்கள். அவளுக்குக் கொஞ்சம் குரல் இருந்தால் நல்லது.

10. அவிழ்ப்பதையும் இப்போதே பேசுங்கள்

ரிசப்ஷன் முடிந்து ஜடையைப் பிரிக்க ஆர்ட்டிஸ்ட் இருக்க மாட்டார். ட்ரையலின்போதே எத்தனை பின், எங்கெங்கே என்று உங்கள் தங்கையைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்ப்ரே அடித்துக் கோதிய முடியைச் சீப்பால் இழுக்காமல், கொஞ்சம் எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மேலே மேலே விரலால் பிரிக்க வேண்டும். முகத்தை முதலில் தேங்காய் எண்ணெயாலோ க்ளென்ஸிங் பாமாலோ துடைத்து, அப்புறம் கழுவுங்கள். வாடகை நகையைக் கழற்றிய கையோடு ஒரு டப்பாவில் போட்டு, எண்ணி, ஆர்ட்டிஸ்ட்டுக்குப் போட்டோ அனுப்பிவிடுங்கள். முகூர்த்தம் முடிந்து கிளம்பும் அவசரத்தில் காணாமல் போவது பெரும்பாலும் மாட்டலில் ஒன்றுதான், அதற்கு மீதித் தொகையில் பிடித்துக்கொள்வார்கள்.